சித்திரைப் பறுவம்: தாய்க்கான விரதம்

மே மாதத்தின் இரண்டாவது ஞாயிறு நெருங்கினால், பூச்சோங் பேரங்காடிகளில் கேக்கும் ரோஜாப்பூவும் குவிந்துவிடும். அன்னையர் தினம் மேலைநாட்டு இறக்குமதி என்பது நாம் அறிந்ததே. அமெரிக்காவில் ஆன்னா ஜார்விஸ் என்ற பெண்மணி, மறைந்த தம் தாயின் நினைவாக 1908இல் தொடங்கி வைத்தார். 1914இல் அதிபர் வில்சன் அதை நாடு தழுவிய தினமாக அறிவித்தார். வியாபாரிகள் கையில் சிக்கியதைக் கண்டு பின்னாளில் ஜார்விஸே அதை எதிர்த்தது தனிக்கதை. மறைந்த தாய்க்காகத் தொடங்கிய அந்நாளில், இன்று தாயில்லாதவருக்கு இடமில்லை. என் அம்மா இறந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. எனவே இதை நானறிவேன்.

ஆனால், தமிழரிடையே இதற்கென்றே ஒரு நாள் உண்டு. சித்திரா பௌர்ணமியை யாழ்ப்பாணத் தமிழர்கள் 'சித்திரைப் பறுவம்' என்பர். தாயை இழந்தவர்கள் அன்று விரதமிருப்பர். தந்தையை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை. சோதிடத்தில் சந்திரன் தாயையும் சூரியன் தந்தையையும் குறிக்கும். ஆகவே, நிலவு முழுதாய் ஒளிரும் நாள் தாய்க்கு. சூரியனோடு சேர்ந்து அது மறையும் நாள் தந்தைக்கு. எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. எமனின் கணக்கரான சித்திரகுப்தர் தோன்றிய நாளும் இதுவே என்பது நம்பிக்கை. அதனால்தான் யாழ்ப்பாணக் கோயில்களில் அன்று சித்திரபுத்திரனார் கதையைப் படித்து, அடியார்களுக்குக் கஞ்சி வார்ப்பார்கள்.

நம்மில் பலருக்கு இது புதிதாக இருக்கலாம். நம் முன்னோர் தமிழகத்திலிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவர்கள். அவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி என்றால் மதுரையில் அழகர் வைகையில் இறங்கும் நாள். யாழ்ப்பாணத்தார் ஆங்கிலம் படித்து, இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்ற வந்தவர்கள். பிரிக்பீல்ட்ஸ், ஸ்காட் சாலையிலுள்ள கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியதுதான்.

எங்கள் தாமானில் யாழ்ப்பாண வழிவந்த ஆன்ட்டி ஒருவர் இருக்கிறார். காலையில் குளித்து, ஒன்றும் உண்ணாமல், தம் தாய்க்குப் பிடித்த மரக்கறிகளைச் சமைத்துப் படைப்பார். காகத்துக்கு வைத்த பிறகே மதியம் ஒருவேளை உண்பார். எங்கள் வீட்டில் திதி கொடுப்பது அண்ணன் மட்டுமே. மகளாகிய எனக்கு அடுப்படி வேலைதான். மகளும் தாய்க்காக விரதமிருக்கலாம் என்பதை அந்த ஆன்ட்டியிடம்தான் கண்டேன்.

2025இல் அன்னையர் தினம் மே 11. சித்திரா பௌர்ணமி மறுநாள். விசாக தினமும் அன்றே வந்ததால் பொது விடுமுறை. "உங்கட அம்மாவுக்கு என்ன விருப்பம், பிள்ளை?" என்று ஆன்ட்டி கேட்டார். வாழைக்காய் வறுவல் என்றேன். அன்று இரண்டு இலைகள் போட்டோம்.