ரசமட்டம் இல்லாத சமன்

ஏர் சஸ்பென்ஷன் வண்டி தானே மட்டம் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். மேட்டில் நிறுத்திப் பார்த்தால்தான் அது எந்த மட்டம் என்று புரியும்.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் சரக்கு லாரி வந்து நின்றால் முதல் வேலை கிளீனருக்குத்தான். குதித்து இறங்கி, சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையைச் செருகுவார். பிறகே மூட்டைகள் இறங்கும். திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில், 18-ம் நூற்றாண்டின் இறுதியில் உருவான சாலைக் கடைத்தெருவின் ஒரு பகுதி இது. பாரம் குறையக் குறைய லாரியின் பட்டை ஸ்பிரிங் மெல்ல நிமிரும். அதில் ரகசியம் ஏதுமில்லை.

கொஞ்ச தூரத்தில் கிழக்கேக் கோட்டை. அங்கிருந்து ஓவர்பிரிட்ஜ் தாண்டி ஸ்டாச்சு பக்கம் ஏற வேண்டும். நகரமே மேடும் பள்ளமும்தான். மத்திய அரசின் நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில் கேரளத்துக்கு வந்த வோல்வோ தாழ்தள பஸ்கள் இந்த ஏற்றத்தைப் பார்த்தவை. அவற்றைத் தாங்குவது இரும்புப் பட்டை அல்ல, ரப்பர் பைகளுக்குள் அடைத்த காற்று.

பைகளுக்கு எவ்வளவு காற்று என்று முடிவு செய்வது ஒரு சிறிய வால்வு. அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கைபோல இணைந்திருக்கும். சட்டம் தாழ்ந்தால் காற்றை உள்ளே விடும், உயர்ந்தால் வெளியேற்றும். அவ்வளவுதான் அதன் அறிவு. கொத்தனாரின் ரசமட்டம் அதற்குள் இல்லை. அதனால் மேட்டில் நிற்கும் பஸ் ஒருநாளும் தரைமட்டத்துக்கு நேராகாது. சாலை எப்படிச் சாய்ந்ததோ அப்படியேதான் சாய்ந்து நிற்கும்.

ஆனால் எடை நகரும். 15 டன் பஸ், 10 அடிக்கு ஓரடி ஏறும் சரிவில் முகம் மேல்நோக்கி நிற்கிறது. எடையின் மையம் ஒரு மீட்டர் உயரத்தில், அச்சுகளுக்கு நடுவே 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுமார் கால் டன் முன் அச்சிலிருந்து பின் அச்சுக்குப் போய்விடும். பின்பக்கப் பைகள் காற்றைக் கூட்டிக்கொள்ளும், முன்பக்கம் குறைத்துக்கொள்ளும். சமதரைக்கு வந்ததும் சிறிது நேரம் பின்பக்கம் தூக்கலாக இருப்பது இதனால்தான், பழுது அல்ல.

வேடிக்கை கார்களில்தான் அதிகம். 1955-ல் சிட்ரோயன் டி.எஸ். எண்ணெயும் நைட்ரஜனும் கொண்டு உயரத்தைத் தானே காத்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் போனால் மெல்லப் படுத்துவிடும். பின்னாளைய ஏர் சஸ்பென்ஷன் கார்கள் சிலவற்றில், பூட்டிச் சென்ற பிறகும் கம்ப்யூட்டர் அவ்வப்போது விழித்து உயரத்தைச் சோதிக்கும். கம்ப்ரஸர் ஓடாத நேரத்தில் அதனால் காற்றைக் கூட்ட முடியாது, குறைக்க மட்டுமே முடியும். ஒரு சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறி நின்றால், எந்த மூலை தாழ்ந்ததோ அதற்கு ஈடாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். இரவில் நிமிர்ந்து நின்ற கார் காலையில் கல்மீது வயிறு பதித்துக் கிடக்கும். புகைக்குழாய்க்குத்தான் கேடு.

கேடு அதோடு நின்றால் பரவாயில்லை. பஸ்ஸின் பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங்கால் பிடிப்பது. காற்று இறங்கினால் இன்னும் இறுகுமே தவிர விடாது. பைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு குழாய் கழன்றால் போதும், சட்டம் நொடியில் கீழே வரும். அடியில் படுத்து வேலை பார்ப்பவருக்கு நகர நேரம் இருக்காது. ஆரியசாலைக் கிளீனரின் கட்டை வண்டி உருளுவதைத் தடுக்கும், இறங்குவதைத் தடுக்காது. அதற்குச் சட்டத்தின் கீழ் இரும்பு ஸ்டாண்டு வேண்டும், அதுவும் சமதரையில். ஜாக்கி மட்டும் போதாது.