கால் விறைத்தால் காலை மட்டும் பார்க்காதீர்கள்

கும்பகோணத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். பக்கவாதம் வந்தவர்கள்தான் என்னிடம் அதிகம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்கள் சிலரே. ஆனால் அந்த வீடுகளில்தான் கேள்விகள் ஓயாது. "நேத்து வரைக்கும் மடங்கின கால், இன்னைக்கு ஏன் மேடம் முரண்டு பிடிக்குது?" என்பது அவற்றில் முதல் கேள்வி.

எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த நோயில், உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையைத் தாக்குகின்றன. பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வரும். பார்வை மங்கும், கைகால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். இவற்றோடு தசை விறைப்பும் சேர்ந்துகொள்ளும். வட அமெரிக்கப் பதிவேடு ஒன்றில் இருந்த 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் கேட்டு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஓரளவாவது விறைப்பு இருப்பதாகச் சொன்னார்கள்.

டாக்டர் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுமே, அங்கேதான் இதன் மூலம் இருக்கிறது. தட்டியதும் தொடைத் தசை சட்டென்று நீள்கிறது. அந்தச் செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது. சுருங்கச் சொல்லும் உத்தரவு அங்கிருந்தே திரும்பி வருகிறது. மூளையைக் கேட்டு நடப்பதில்லை இது. ஆனால் அளவு மீறாமல் இருக்க, மூளையிலிருந்து இறங்கும் நரம்புப் பாதைகள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. எம்.எஸ். அந்தப் பாதைகளில் தழும்பு உண்டாக்கிவிட்டால் அடக்க ஆள் இல்லை. தசையை எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ அவ்வளவு பலமாக அது எதிர்க்கும். காலை நான் மெல்ல மெல்ல மடக்குவது அதனால்தான். வீட்டில் யாராவது வெடுக்கென்று இழுத்தால், இளகவேண்டிய கால் இன்னும் இறுகிவிடும்.

விறைப்பை அளக்க நாங்கள் இன்றும் பயன்படுத்தும் முறைக்கு ஆஷ்வொர்த் அளவுகோல் என்று பெயர். பிரையன் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், எம்.எஸ். நோயாளிகளுக்கு ஒரு மருந்தைக் கொடுத்துச் சோதித்தபோது வகுத்து, 1964-இல் வெளியிட்டது அது. கருவி எதுவும் வேண்டாம். கையால் அசைத்துப் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவோம். குறிப்பேட்டுக்கு அது போதும், குடும்பத்துக்குப் போதாது. அதனால் நான் வேறு கேள்விகளும் கேட்பேன். புடவை கட்டவும், உட்கார்ந்து சுத்தம் செய்துகொள்ளவும் தொடைகள் விலகுகின்றனவா? ராத்திரி கால் வெட்டி இழுத்துத் தூக்கத்தைக் கெடுக்கிறதா? வண்டியின் பின்னால் உட்காரும்போது ஃபுட்ரெஸ்டில் வைத்த பாதம் தானாகத் தடதடவென்று ஆடுகிறதா?

சுவாமிமலைப் பக்கம் ஓர் ஆசிரியை. கைத்தடி வைத்து வீட்டுக்குள் நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்கு ஒரு வாரத்தில் இரண்டு கால்களும் கத்தரிக்கோலாகப் பின்னிக்கொண்டன. "மாத்திரையை ஒண்ணு கூட்டிக் குடுத்துடவா மேடம்?" என்றார் கணவர். சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டேன். எரிச்சல் இல்லை, ஆனால் கலங்கலாக, நாற்றத்தோடு போகிறது என்றார் அவர். பரிசோதனையில் தொற்று தெரிந்தது. அது குணமானதும் கால்கள் பழைய நிலைக்கு வந்தன. மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி மங்கியவர்களுக்கு எரிச்சலும் வலியும் சரியாகத் தெரியாது. ஆனால் அந்தத் தூண்டுதல் தண்டுவடத்தைச் சேர்ந்துவிடுகிறது. அடக்குவாரில்லாத தண்டுவடம் தசையை இறுக்குகிறது. ஆகவே விறைப்பு திடீரென்று கூடினால் காலுக்கு வெளியேயும் தேடுங்கள். சிறுநீர் தேங்கியிருக்கிறதா, மலச்சிக்கலா, படுக்கைப் புண்ணா, கால் நகம் சதைக்குள் இறங்கியிருக்கிறதா, செருப்பு கடித்திருக்கிறதா, பாவாடை நாடா இடுப்பை அறுக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சலும் கத்திரி வெயிலும் சிலருக்கு விறைப்பைக் கூட்டும். வேறு சிலருக்கு மார்கழிக் குளிர் ஆகாது. எதுவும் அகப்படாமல், புதிதாகக் கை கால் வலுவும் குறைந்தால், நோயே மறுபடி தாக்கியிருக்கலாம். உடனே நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரைகளில் பேக்லோஃபென் பழையது. வலிப்புக்காக 1962-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் உருவாக்கினார்கள். வலிப்பில் எதிர்பார்த்த பலன் தராத அது, விறைப்புக்கு மருந்தாயிற்று. குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். ஊருக்குப் போன இடத்தில் தீர்ந்துவிட்டது என்று சட்டென நிறுத்தக் கூடாது. மனக்குழப்பம், இல்லாதது தெரிவது, வலிப்பு வரைக்கும் போகும். டிசானிடின் தூக்கத்தையும் வாய் வறட்சியையும் தரும், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை தேவைப்படும். சிறுநீர்த் தொற்றுக்குச் சிலர் கடையிலேயே கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசினை டிசானிடினோடு சேர்க்கவே கூடாது. ரத்தத்தில் டிசானிடின் பல மடங்கு ஏறி, அழுத்தம் ஆபத்தாக இறங்கும். எந்த டாக்டரிடம் போனாலும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எடுத்துப் போங்கள்.

ஒன்றிரண்டு தசைகளில் மட்டும் தொல்லை என்றால் போட்டுலினம் ஊசி உதவும். அதன் பலன் சுமார் மூன்று மாதம் நிற்கும். அந்த அவகாசத்தில் பயிற்சி செய்தால்தான் செலவழித்ததற்கு அர்த்தம். மிகக் கடுமையான விறைப்புக்கு, வயிற்றுத் தோலுக்கடியில் பம்ப் வைத்துத் தண்டுவட நீருக்கே பேக்லோஃபெனைச் செலுத்தும் முறை 1984 முதல் மருத்துவ இதழ்களில் பேசப்படுகிறது.

விறைப்பை அடியோடு ஒழிப்பதும் நல்லதல்ல. மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவருக்குத் தொடையில் வலு குறைவு. முழங்காலின் விறைப்புதான் அவரைக் கல்லாவில் நிற்க வைத்தது. மருந்தைக் கூட்டியதும் கால் இளகியது, முழங்கால் மடிந்து விழுந்தார். பிறகு டாக்டர் பகலில் குறைத்து, ராத்திரியில் கூட்டிக் கொடுத்தார். இப்போது நிற்கவும் முடிகிறது, தூங்கவும் முடிகிறது.

அன்றாடப் பயிற்சிக்கு ஒரு துண்டு போதும். காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தில் துண்டை மாட்டித் தன் பக்கம் மெதுவாக இழுத்து, அரை நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும். கெண்டைச் சதை நீளும். வெயில் ஏறுமுன் செய்வது நல்லது. எண்ணெய் தேய்ப்பதை நான் தடுப்பதில்லை; ஆனால் "நரம்பெடுத்து" விடுகிறேன் என்று முறுக்குவதும், மரத்த தோலில் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். அசைக்காமலே விட்டால் மாதக்கணக்கில் தசையும் தசைநாரும் நிஜமாகவே குட்டையாகிவிடும். அப்புறம் எந்த மாத்திரையும் அதை நீட்டாது.

டாக்டரிடம் "இறுக்கமா இருக்கு" என்று மட்டும் சொன்னால் மாத்திரைதான் கூடும். எந்த நேரத்தில் இறுகுகிறது, அதற்கு முன் என்ன நடந்தது, அந்த விறைப்பு எந்த வேலையைக் கெடுக்கிறது, எந்த வேலைக்குக் கைகொடுக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எவ்வளவு விறைப்பைக் குறைக்கலாம், எவ்வளவை விட்டுவைக்கலாம் என்று அதை வைத்துத்தான் டாக்டரும் நாங்களும் முடிவு செய்ய முடியும்.