ஓடாமல் நிற்கக் கற்பது

மார்கழி விடியலில் கண்மாய்க் கரையில் நடப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ஐந்தரை மணிக்குப் பனி இறங்கியிருக்கும். எதிரே வருகிறவர் பத்தடிக்குள் வந்தால்தான் முகம் தெரியும். போன மார்கழியில் ஒருநாள், மடைக்குப் பக்கத்தில் கொட்டியிருந்த மணல்மேட்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு செவலை நாய் குரைத்துக்கொண்டே எழுந்தது. அதன் குரல் கேட்டு இன்னும் மூன்று நாய்கள் வந்து சேர்ந்தன. எதிரே சைக்கிளில் வந்த பால்காரர், "அண்ணே, ஓடாதீங்க! அப்படியே நில்லுங்க!" என்று கத்தினார். சொன்னது காதில் தெளிவாக விழுந்தது. ஆனாலும் ஓடினேன்.

இருபதடிகூடப் போயிருக்க மாட்டேன். இடது கெண்டைக்காலில் பல் இறங்கியது. பால்காரர் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, நாய்கள் விலகும்வரை அதட்டிக்கொண்டு நின்றார். பிறகு மணல்மேட்டின் மறுபக்கத்தைக் காட்டினார். கண் திறந்து சில நாட்களே ஆன ஐந்தாறு குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. "குட்டி போட்ட நாய்ண்ணே. நாலு நாளா இந்த இடம் வந்தா நான் இறங்கித் தள்ளிட்டுத்தான் போறேன்" என்றார்.

அவர் அனுபவத்தில் கண்டதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். கொல்கத்தாவுக்கு அருகே உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பல ஆண்டுகளாகத் தெருநாய்களையே படித்துவருகிறது. நம் நாட்டுத் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலம் முடியும் தறுவாயில் இணைசேர்ந்து குளிர்காலத்தில் குட்டி போடுகின்றன. அந்தக் குழு பின்தொடர்ந்த குட்டிகளில் ஐந்தில் ஒன்றுதான் ஏழு மாதத்தைத் தாண்டியது. செத்தவற்றில் பாதிக்கும் மேல் மனிதர்களால்தான் செத்தன. வண்டியில் அடிபட்டவை, அடித்துக் கொல்லப்பட்டவை, தூக்கிச் செல்லப்பட்டவை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இதைப் படித்தபின் அந்தச் செவலையின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருட்டில் குட்டிகளை நோக்கி வந்த ஓர் உருவமாகத்தான் அதற்கு நான் தெரிந்திருப்பேன்.

ஆனால், குட்டிகளை விட்டு விலகித்தானே ஓடினேன், பிறகும் ஏன் துரத்திக் கடித்தது?

நாய்களின் வேட்டையை விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் ஒரு சங்கிலியாகப் பார்க்கிறார்கள். உற்றுப் பார்ப்பது, பதுங்கி நகர்வது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததை இழுக்கும். ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதி இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஓநாயிடம் சங்கிலி முழுசாக இருக்கிறது. மனிதரோடு ஒட்டி வாழ வந்த நாயிடம் சில கண்ணிகள் தளர்ந்துவிட்டன, சில இறுகிவிட்டன. ஆட்டு மந்தையை மடக்கும் நாய் பதுங்கும், துரத்தும், கடிக்காது. துரத்துவது மட்டும் மிகப் பல நாய்களிடம் தேயாமல் நிற்கிறது. பந்தை எறிந்தால் பாய்வதும், இருசக்கர வண்டியின் பின்னால் ஓடுவதும் அதனால்தான். துரத்தலைக் கிளப்புவது அசைவு, அதிலும் தன்னை விட்டு விலகி ஓடும் அசைவு. காவலுக்காகக் குரைத்துக்கொண்டிருந்த நாய்க்கு முதுகைக் காட்டி ஓடியதன் மூலம், அதன் இரண்டாவது பழைய வேலையையும் நானே எழுப்பிவிட்டேன்.

கண்ணும் அதற்கு உதவுகிறது. நுணுக்கமாகப் பார்ப்பதில் நாயின் கண் நம்முடையதைவிடப் பின்தங்கியது. ஆனால் மங்கிய ஒளியிலும் அசைவு அதற்குத் தப்பாது. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. ராத்திரியில் வண்டி வெளிச்சம் பட்டதும் நாயின் கண் மின்னுவது அந்தப் படலத்தால்தான். விடியற்காலை இருட்டில் நமக்கு நாய் தெரிவதற்கு முன்பே நாய்க்கு நம் கைவீச்சு தெரிந்துவிடுகிறது. வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2009இல் பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். சராசரி வேகம் மணிக்குச் சுமார் 37.6 கிலோமீட்டர். திடமான ஒரு நடுத்தர நாய் எந்தப் பயிற்சியும் இல்லாமல் 30 கிலோமீட்டரைத் தாண்டும். நடைக்கு வருகிற நமக்கு அதை முந்த வழியே இல்லை.

நாய் குரைப்பதில் ஒரு செய்தி இருக்கிறது. தள்ளி நின்று தொடர்ந்து குரைக்கும் நாய் பெரும்பாலும் 'கிட்டே வராதே' என்றுதான் சொல்கிறது. அதற்கு வேண்டியது இடைவெளி. அதைக் கொடுத்தால் பல நேரம் அதோடு முடிந்துவிடும். குரைப்பை நிறுத்தி, உடம்பு விறைத்து, தலையைத் தாழ்த்தி, வெறித்த பார்வையோடு நெருங்குகிற நாய்க்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். வாலை ஆட்டுவதால் அது சிநேகமாக இருக்கிறது என்று நம்பிவிடக்கூடாது. 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் நாய்களின் வாலைப் படமெடுத்து அளந்தார்கள். எஜமானரைக் கண்டதும் வால் வலப்பக்கம் கூடுதலாக ஆடியது. முன்பின் தெரியாத முரட்டு நாயைக் கண்டதும் இடப்பக்கம் கூடுதலாக ஆடியது. தெருவில் நின்று வலமா இடமா என்று பார்க்க நேரமிருக்காது. உடம்பு தளர்ந்து இடுப்போடு சேர்ந்து ஆடும் வாலுக்கும், நட்டுக்குத்தலாக நின்று நுனி மட்டும் துடிக்கும் வாலுக்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் தெரியும்.

நாம் பயந்தால் நாய்க்குத் தெரிந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2022இல் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில், கடினமான மனக்கணக்கு போடுவதற்கு முன்னும் பின்னும் சிலரின் வியர்வையையும் மூச்சையும் சேகரித்து நாய்களிடம் முகரக் கொடுத்தார்கள். பதற்றத்தில் எடுத்த மாதிரியை நாய்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட முறை சரியாகக் கண்டுபிடித்தன. அதற்காக, பயந்தவரை நாய் கடிக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பயத்தை மறைக்க முயன்று பயனில்லை என்பதுதான் எனக்கு அதில் கிடைத்த பாடம். பயம் இருக்கட்டும். கால் மட்டும் நின்றால் போதும்.

எப்படி நிற்பது? நாயை நேருக்கு நேர் பார்க்காமல், உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கைகளை மார்போடு மடக்கி, பார்வையைத் தாழ்த்தி. நேரே வெறித்துப் பார்ப்பது நாய்களின் மொழியில் சண்டைக்கு அழைப்பு. கத்தக்கூடாது. 'போ' என்று தாழ்ந்த, கனத்த குரலில் ஒருமுறை சொல்லலாம். அது தயங்கிய பிறகு, முதுகைக் காட்டாமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் எடுத்துவைக்க வேண்டும். கையில் இருக்கும் பையையோ குடையையோ நடுவில் தடுப்பாகப் பிடிப்பது நல்லது. வீசி அடிக்கப் போனால் ஒன்று குறி தப்பும், இல்லாவிட்டால் வலியில் அதன் வெறி ஏறும். கூடக் குழந்தை இருந்தால் நம் முதுகுப்பக்கம் ஒட்டி நிற்கவைக்க வேண்டும். வண்டியில் போகிறவர்கள் முறுக்கிப் பறக்காமல் வேகத்தைக் குறைப்பது உயிருக்கு நல்லது. நாய் துரத்தியதில் கடிபடாமல் சாலையில் விழுந்து இறந்தவர்கள் உண்டு.

கல்லெடுப்பதுபோலக் குனிவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். பல தெருநாய்களிடம் அது பலிக்கவும் செய்யும், ஏனென்றால் குனிகிற மனிதனிடமிருந்து அடுத்து என்ன வரும் என்று அவை பட்டுத் தெரிந்துவைத்திருக்கின்றன. நேசமாகக் கூப்பிடுகிற அந்நியரையும் கையையோ கம்பையோ ஓங்குகிற அந்நியரையும் தெருநாய்கள் பிரித்தறிந்து அதற்கேற்ப நடந்துகொள்வதை கொல்கத்தா குழு சோதித்தும் காட்டியிருக்கிறது. ஆனால் பக்கத்தில் வந்துவிட்ட நாயின் முன் குனிந்தால் நம் முகமும் கழுத்தும் அதன் வாய்க்கு நேராகிவிடும். குட்டியைக் காக்கும் தாய் கல்லுக்குப் பயப்படாது. கல்லடியே அறியாமல் வீட்டில் வளர்ந்த நாய்க்கு நாம் குனிவது விளையாட்டாகவோ மிரட்டலாகவோ தெரியும்.

வீட்டு நாய் என்றதும் எனக்கு மனம் கொதிக்கிறது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவுக்குள் கட்டாமல் வந்த இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. 'எங்க நாய் ஒண்ணும் பண்ணாதுங்க' என்று சொல்லிக்கொண்டே வாரை அவிழ்த்து விடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு அது உண்மைதான், அவர்களை அது ஒன்றும் பண்ணாது. முன்பின் பார்த்திராத, கைவீசி நடக்கிற ஒருவரைக் கண்டால் என்ன செய்யும் என்பது அவர்களுக்கே தெரியாது. தன் வசமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறுகிறவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. வார் ஒன்றரை மீட்டர் கயிறு. அதைக் கையில் பிடிப்பது அவ்வளவு பெரிய சுமையா?

எல்லாம் செய்தும் கடி விழலாம். கவ்விய நிலையில் காலையோ கையையோ வெடுக்கென்று இழுக்காதீர்கள். நாயின் கோரைப்பல் குத்திப் பிடிப்பதற்கென்றே வளைந்தது, இழுத்தால் சதை கிழியும். கையில் உள்ள பையை அதன் வாயில் திணித்தால் பல நேரம் அதைக் கவ்விக்கொள்ளும். கீழே விழுந்துவிட்டால் குப்புறச் சுருண்டு, விரல்களைக் கோத்துப் பின்கழுத்தை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும்.

இனி வருவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. கடித்த இடத்தில் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் முழுசாக 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்று பால்காரர் என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனது தெருக் குழாயடிக்குத்தான். கடையைத் தட்டித் துணி சோப்பு ஒன்று வாங்கிவந்து, "போதும்னு நிறுத்தாதீங்கண்ணே" என்று கூடவே நின்றார். ரேபிஸ் வைரஸ் துப்பாக்கித் தோட்டா வடிவம் கொண்டது, மேலே ஒரு கொழுப்பு உறை. சோப்பு அந்த உறையைக் கரைத்தால் வைரஸ் செயலிழக்கும். கொரோனா காலத்தில் நாம் கை கழுவியதற்கும் இதே காரணம்தான். தப்பிய வைரஸ் தசையில் பெருகி, தசையும் நரம்பும் சந்திக்கும் இடத்தில் நரம்புக்குள் நுழைந்து, நாளுக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் வரை மூளையை நோக்கி ஏறும். ரத்தத்தில் அதைத் தேடினாலும் பிடிக்க முடியாது. நோய் வெளிப்படப் பொதுவாக இரண்டு மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வாரத்திலும் சிலருக்கு ஒரு வருடத்திலும் வரும். முகத்திலும் கழுத்திலும் கடிபட்டால் தூரம் குறைவு. குழந்தைகளுக்கு ஆபத்து கூடுவது அவர்களின் உயரத்தால்தான். நோய்க்குறி தென்பட்ட பிறகு கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் காயத்தில் படக்கூடாது. அவை புண்ணை எரித்து, கழுவுவதற்கான நேரத்தையும் தின்றுவிடும்.

வைரஸ் மெதுவாக ஏறுவதுதான் நமக்குக் கிடைத்த அவகாசம். 1885 ஜூலை 6ஆம் தேதி, நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு லூயி பாஸ்டர் ஊசி போடத் தொடங்கியது இந்த அவகாசத்தை நம்பித்தான். கடித்த பின்னும் தடுப்பூசி வேலை செய்யும் அபூர்வ நோய் இது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. அதற்குப் பின் பல தலைமுறை தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற அச்சத்தில் வளர்ந்தது. விலங்குகளின் நரம்புத் திசுவிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004 இறுதியில் நிறுத்திவிட்டது. ஆனால் அச்சம் இன்னும் நிற்கவில்லை. எங்கள் தெருவிலேயே ஓர் அம்மா, பேரனைக் குட்டி நாய் கீறியதை ஊசிக்குப் பயந்து ஒரு வாரம் சொல்லாமல் இருந்தார். குட்டிக்கும் ரேபிஸ் வரும், ரத்தம் வராத கீறலுக்கும் ஊசி வேண்டும்.

எனக்கு அரசு மருத்துவமனையில் போட்டது தோலுக்குள்ளேயே இரண்டு சொட்டு அளவு, இரண்டு தோளிலும் ஒவ்வொன்று. கடித்த நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு தடவை. பணம் கிடையாது. ரத்தம் வந்த காயமென்பதால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தைக் காயத்தைச் சுற்றியே செலுத்தினார்கள். தடுப்பூசி நம் உடம்பைத் தயார்ப்படுத்த ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை வாசலில் நிற்கும் காவல் இந்தப் புரதம்தான். ரத்தம் வந்த கடி என்றால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

பால்காரர் சொன்னது புரிந்தும் ஏன் ஓடினேன் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆபத்தில் கால் எடுக்கும் முடிவு யோசனைக்கு முன்பே நடந்துவிடுகிறது. படித்த அறிவு அந்த நொடியில் காலுக்கு வந்துசேராது, பழகிய அசைவுதான் வரும். சிட்னியில் ஓர் ஆய்வு நடந்தது, 2000இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. எட்டுத் தொடக்கப்பள்ளிகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு அரைமணி நேரம் நாயிடம் எப்படி நடந்துகொள்வது என்று செய்துகாட்டிப் பழக்கினார்கள். சில நாள் கழித்து, சாதுவான லாப்ரடார் ஒன்றை மைதானத்தில் கட்டிவைத்துப் பிள்ளைகளை விட்டார்கள். பழகாத பிள்ளைகளில் நூற்றுக்கு 79 பேர் தயங்காமல் போய்த் தட்டிக்கொடுத்தார்கள். பழகியவர்களில் 9 பேர்தான்.

அரைமணி நேரம்தானே. எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் அதை விளையாட்டாக்கினோம். ஒருவன் நாய், நாலு காலில் குரைத்துக்கொண்டு பாய்வான். மற்றவர்கள் மரமாக நிற்க வேண்டும்: கைகள் மடங்கிய கிளை, கால்கள் தரையில் ஊன்றிய அடிமரம். நாய் முகர்ந்து பார்த்துச் சலித்துப் போகும்வரை அசையக்கூடாது. முதல் வாரம் எல்லோரும் சிரித்து ஓடினார்கள். மூன்றாவது வாரம் அக்காவின் ஏழு வயது மகள் அசையவேயில்லை.

"மாமா, மரத்துக்குக் கண் எங்க பாக்கும்?" என்று உதடு பிரியாமல் கேட்டாள்.

"வேரைப் பாக்கும்மா" என்றேன். குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.