திருகோணமலை வானில் ஜீரோ

1942 ஏப்ரல் 9 காலை திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்க வந்த ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக ஜீரோ போர் விமானங்கள் பறந்து வந்தன. அவற்றை எதிர்த்து சீனக்குடாத் தளத்திலிருந்து பிரிட்டனின் ஹரிக்கேன்கள் எழும்பின. ஐரோப்பாவில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட்டைவிடச் சிறிய வட்டத்தில் திரும்பிப் பேர்வாங்கிய விமானம் ஹரிக்கேன். ஜீரோவிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. அது இன்னும் சின்ன வட்டம் போட்டு ஹரிக்கேனின் வாலைப் பிடித்துவிடும்.

காரணம் எடை. ஜீரோவை வடிவமைத்த மிட்சுபிஷி பொறியாளர் ஜிரோ ஹோரிகோஷிக்குக் கிடைத்த எஞ்சினின் சக்தி சுமார் 950 குதிரைத்திறன்தான். ஜப்பானியக் கடற்படையோ வேகம், லாவகம், நெடுந்தூரம் எல்லாவற்றையும் கேட்டது. அவர் கிராம் கிராமாகக் குறைத்தார். புதுவகை அலுமினியக் கலவையைப் பயன்படுத்தினார். உட்சட்டங்களில் துளைகள் போட்டார். துப்பாக்கிக் குண்டும் எரிபொருளும் நிரப்பிய ஜீரோ சுமார் 2,400 கிலோ. ஹரிக்கேனின் இரண்டாம் ரகம் ஏறத்தாழ 3,400. கழற்றிவிடும் தொட்டியோடு ஜீரோ 3,000 கிலோமீட்டர் பறக்கும். ஒற்றை எஞ்சினுக்கு அது அசாத்தியமான தூரம்.

குறைத்தவற்றில் விமானியின் பாதுகாப்பும் ஒன்று. ஹரிக்கேன் விமானியின் முதுகுக்குப் பின்னால் கவசத் தகடு உண்டு. அன்றைய பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்களின் எரிபொருள் தொட்டிகளுக்கு ரப்பர் அடுக்குகள் போடுவார்கள். குண்டு துளைத்தால், கசியும் பெட்ரோல் பட்டு உள்ளடுக்கு ரப்பர் உப்பும். ஓட்டை தானாக அடைபடும். ஜீரோவில் தகடும் இல்லை, ரப்பரும் இல்லை. தொட்டியில் ஒரு தீக்குண்டு பட்டாலே விமானம் எரிந்துவிடும். இதற்கு ஹோரிகோஷியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எஞ்சினை வைத்துக்கொண்டு அத்தனையும் வேண்டும் என்று கேட்டவர்களே பொறுப்பு.

அதே ஆண்டு ஜூனில் அலாஸ்கா அருகே அகுட்டான் தீவின் சதுப்பில் ஒரு ஜீரோ இறங்கிக் கவிழ்ந்தது. அமெரிக்கர்கள் அதை மீட்டுப் பழுதுபார்த்து ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் கூடக்கூட, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தட்டுகள் இறுகிப்போயின. வலப்பக்கம் சாய்வது இடப்பக்கத்தைவிடக் கடினம். மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் எட்டாமல் எஞ்சின் திணறியது. ஜீரோ வாலைப் பிடித்தால் வேகமாகக் கீழே பாய்ந்து வலப்பக்கம் புரளுங்கள் என்று விமானிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

1943-இல் போருக்கு வந்த அமெரிக்கப் போர் விமானமான ஹெல்கேட்டின் எஞ்சின் 2,000 குதிரைத்திறன். கவசத்தையும் ரப்பர் தொட்டியையும் சுமந்துகொண்டே அது ஜீரோவை முந்தியது. ஜப்பான் பிந்தைய ரகங்களில் கவசம் சேர்த்தபோது, அதன் தேர்ந்த விமானிகளில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை.