சிறு இரயில் பாதையின் கம்பி வேலி



பொம்மை இரயில் என்றால் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் என்றே நம்மில் பலர் எண்ணுவர். மேல்நாடுகளிலோ பெரியவர்களும் அதனை ஒரு கைவினையாகப் போற்றி வருகின்றனர். உண்மையான இருப்புப்பாதை ஒன்றை, அதன் நிலையம், பாலம், மரம், புல் ஆகியவற்றோடு அளவு பிசகாமல் சிறிதாக்கி மேசையின்மேல் அமைப்பதே அக்கலை. பணியினின்று ஓய்வு பெற்ற பின் நானும் அதில் ஈடுபட்டேன். இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கிளைப்பாதை ஒன்றை அமைக்க முற்பட்டபோது என்னை மிகுதியும் சோதித்தது எஞ்சினும் அன்று, நிலையமும் அன்று. பாதையோரத்துக் கம்பி வேலியே.

வேலி எதற்காக நிற்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1845இல் இயற்றிய சட்டமொன்று, இருப்புப்பாதைக் கம்பெனிகள் தம் நிலத்தை அண்டை நிலத்தினின்று வேலியிட்டுப் பிரித்து, அவ்வேலியை எந்நாளும் செப்பமாக வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. அயலார் உள்ளே நுழைவதையும், ஆடுமாடுகள் பாதையில் புகுவதையும் தடுப்பதே அதன் நோக்கம். ஆகவே வேலி நிற்கும் இடம் தண்டவாளத்தின் ஓரம் அன்று, நிலத்தின் எல்லை. பாதை மேட்டின்மேல் சென்றால் வேலி மேட்டின் அடியில் நிற்கும். பாதை குன்றை வெட்டிச் சென்றால் வேலி அவ்வெட்டின் மேல்விளிம்பில் நிற்கும். புதிதாகச் செய்வோர் பலர் வேலியைத் தண்டவாளத்துக்கு அருகிலேயே நட்டுவிடுகின்றனர். எவ்வளவு நுட்பமாகச் செய்திருப்பினும் அவ்வேலி பொய்யாகவே தோன்றும்.

இனி அளவைக் கவனிப்போம். நான் கையாண்ட அளவில் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். அதாவது மெய்ப்பொருளில் ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. நாலரை அடி உயரமுள்ள கம்பம் 18 மில்லிமீட்டர் ஆகிறது. கம்பத்துக்குக் கம்பம் ஒன்பது அடி இடைவெளி என்று கொண்டால் அது 36 மில்லிமீட்டர். ஆறு அங்குலக் கனமுள்ள மரக்கம்பத்துக்கு 2 மில்லிமீட்டர் கனமுள்ள தீக்குச்சி சரியாகப் பொருந்துகிறது. ஆனால் கம்பியின் கதை வேறு. 4 மில்லிமீட்டர் பருமனுள்ள வேலிக்கம்பியை இந்த அளவில் சிறிதாக்கினால், தலைமயிரின் பருமனே எஞ்சுகிறது. சாதாரணத் தையல் நூலைக் கட்டினாலோ, மெய்யளவில் அது கட்டைவிரல் பருமனுள்ள கயிறாகிவிடும்!

இதை அறியாமல் முதலில் நான் தையல் நூலையே கட்டினேன். தொய்வு கூடாதென்று இறுக்கமாகவும் கட்டினேன். மறுநாட் காலையில் பார்த்தால் இரு கோடிகளிலும் நின்ற கம்பங்கள் உட்புறமாகச் சாய்ந்து கிடந்தன. சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பதை நினைந்து, ஒவ்வொரு கோடிக் கம்பத்துக்கும் வெளிப்புறத்தில் ஓர் உதைகால் ஒட்டினேன். இழுப்பில் அதுவும் பெயர்ந்து வந்தது.

அன்று மாலை எங்கள் ஊர்த் தென்னந்தோப்பின் பக்கம் நடந்து சென்றேன். கற்கால் நட்ட கம்பி வேலி அது. ஆண்டுக்கணக்காக அவ்வழியே சென்றவன், அன்றுதான் அதனை நின்று பார்த்தேன். மூலைக் கல்லுக்குச் சாய்வாகக் கொடுத்திருந்த உதைகால் வெளிப்புறத்தில் இல்லை. கம்பி ஓடும் பக்கத்திலேயே இருந்தது. கம்பி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம்தானே கல் சாயும்? அந்தப் பக்கம்தானே தாங்கலும் வேண்டும்? பிள்ளைகளுக்கு விசையைப் பற்றிப் பல்லாண்டு பாடம் சொன்ன நான், அதனை ஒரு தீக்குச்சியிடமிருந்து கற்றுக்கொண்டேன். இங்கிலாந்தின் வேலியிலும் விதி இதுவே. நெடுந்தொலைவு ஓடும் வேலியில் இடையிடையே பருத்த கம்பங்களை நட்டு, அவற்றுக்கு இருபுறமும் உதைகால் கொடுப்பர்.

இதன்பின் வேலை எளிதாயிற்று. மிக மெல்லிய நெகிழ்நூலை எடுத்துக்கொண்டேன். சட்டைக்கை பட்டாலும் அது அறுவதில்லை. நீண்டு, மீண்டும் தன் நிலைக்கு வந்துவிடும். கோடிக் கம்பத்தில் ஒரு துளிப் பசையிட்டு நூலை ஒட்டி, அது நன்கு உலர்ந்தபின் கம்பம் கம்பமாகக் கொண்டுசென்றேன். நூல் நேராக நிற்கும் அளவுக்கு மட்டுமே இழுக்க வேண்டும். ஆட்டுக்குட்டிகள் நுழையாதிருக்கக் கீழ்க்கம்பிகள் நெருங்கியும், மேற்கம்பிகள் சற்று விலகியும் இருத்தல் வேண்டும். சரிவான நிலத்தில் கம்பிகள் சரிவைப் பின்பற்றும். கம்பங்களோ செங்குத்தாகவே நிற்கும்.

வண்ணத்திலும் கருத்து வேண்டும். வெயிலிலும் மழையிலும் நின்ற மரம் பழுப்பாக இராது. சாம்பல் நிறம் கொள்ளும். கம்பியில் மினுமினுப்புக் கூடாது. மாட்டின் வாயும் அரிவாளும் எட்டாத கம்பத்தின் அடியில் புல் சற்று உயர்ந்து வளர்ந்திருக்கும். இரண்டொரு கம்பங்கள் சிறிதே சாய்ந்திருக்கலாம். ஆயின் கோடிக் கம்பம் சாய்தல் ஆகாது.

வேலை முடிந்தபின் பார்த்தவர்கள் எஞ்சினைப் புகழ்ந்தார்கள், நிலையத்தைப் புகழ்ந்தார்கள். வேலியைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. உரிய இடத்தில் உரிய அளவில் நிற்கும் வேலி கண்ணை உறுத்துவதில்லை. ஆனால் ஒரு பொருளைச் சிறிதாகச் செய்யப் புகுமுன், அது பெரிதாக எவ்வாறு நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கான விடை பெரும்பாலும் நாம் நாள்தோறும் நடக்கும் வழியிலேயே இருக்கும்.