பரிசுக்கூடைக்குக் கடன் எதற்கு?

பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போதே பட்டணத்துப் பேரங்காடிகளில் பரிசுக்கூடைகளை மலைபோல அடுக்கிவிடுகிறார்கள். 'ஹேம்பர்' என்றால்தான் நம் பிள்ளைகளுக்குப் புரியும். மினுமினுக்கும் கண்ணாடித்தாள், உச்சியில் பெரிய ரிப்பன் பூ, உள்ளே பிஸ்கட் டின், குளிர்பானப் போத்தல், சாக்லேட் பெட்டி. பார்வைக்கு ராஜா வீட்டுச் சீர்போல இருக்கும். அப்படி ஒன்றை அவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா தோழர்களே? பல கூடைகளில் அடியில் காலி அட்டைப்பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடக்கும். அதன்மேல் கசக்கிய காகிதம். சாமான் எல்லாம் முன்வரிசையில் மட்டும்தான். ஒவ்வொரு சாமானின் விலையையும் அதே கடையில் பார்த்துக் கூட்டுங்கள். கூடையின் விலைச்சீட்டோடு ஒத்துப் பாருங்கள். மீதிப் பணம் ரிப்பனுக்குப் போனதா, காற்றுக்குப் போனதா என்று தெரிந்துவிடும்.

காசு உள்ளவர்கள் வாங்கிக்கொள்ளட்டும், நமக்கென்ன என்று விட முடியவில்லை. இந்தக் கூடை இப்போது தோட்டத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. சம்பந்தி வீட்டுக்குக் கூடை, பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கூடை, வேலை ஓய்வுக்குக் கூடை. "வெறுங்கையோட போனா நாலு பேரு என்னா பேசுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரரின் 555 புத்தகத்தில் இன்னொரு வரியை ஏற்றிவிடுகிறோம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் 6 நாள் வேலை செய்கிறவருக்கு அதை நாள் கணக்கில் வகுத்தால் 65 வெள்ளி 38 காசு. அப்படியானால் 130 வெள்ளிக் கூடை ஒன்று இரண்டு நாள் முழு உழைப்பு. விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், கொசுக்கடியில் நின்று சம்பாதித்த இரண்டு நாள்!

பரிசு கொடுக்க வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கொடுப்பதும் வாங்குவதும் லயத்து வாழ்க்கையில் ஊறிப்போன பழக்கம். நம் பெரியவர்கள் சீர்த்தட்டு வைத்தார்கள். பழம், கற்கண்டு, மஞ்சள், வெற்றிலை பாக்கு, சேலை என்று 5 தட்டு, 7 தட்டு, 9 தட்டு, ஒற்றைப்படையில் வைப்பார்கள். மலாய்க்கார நண்பர் வீட்டுக் கல்யாணத்திலும் 'ஹந்தாரான்' தட்டுகளை ஒற்றைப்படையில்தான் அடுக்குகிறார்கள். அந்தத் தட்டில் சும்மா வைத்த பொருள் ஒன்றும் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரு காரியம் உண்டு. ஆகவே கூடை கட்டும் கலையைக் கடைக்காரரிடம் போய்க் கற்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். வேலை ஓய்வு வயதை 60 ஆக்கிய சட்டம் 2013 ஜூலை முதல் நாள் அமலுக்கு வந்ததல்லவா, அந்தச் சட்டப்படி 60 வயது வரை பால் வெட்டிய ஓர் அம்மா விடைபெற்றார். நிர்வாகம் ஆபீஸ் வாசலில் நிற்கவைத்து, கூடை கொடுத்து, படமும் எடுத்தது. கூடையில் இருந்தது என்ன? கிரீம் பிஸ்கட், சாக்லேட், சிவப்புச் சர்பத்து இரண்டு போத்தல், மிட்டாய் டப்பா. அந்த அம்மாவுக்குப் பல ஆண்டுகளாக இனிப்புநீர் நோய். அவர் மாத்திரை வாங்கியதே தோட்டத்து மருந்துச் சீட்டில்தான்! "இத வச்சிக்கிட்டு நா என்னா தம்பி பண்றது? பேரப்புள்ளைங்க சாப்பிடட்டும்" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். இரண்டு மாதத்தில் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். மகள் வீடு பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடியில், நான்காவது மாடி.

கிளையில் இருந்த பெண்களுக்கு மனசு ஆறவில்லை. அந்த அம்மாவிடம் கேட்டால் "ஒண்ணும் வேணாம்மா" என்றுதான் சொல்வார். அதனால் மகளைப் போனில் கூப்பிட்டு விசாரித்தார்கள். பிறகு 13 வீட்டில் வீட்டுக்கு 5 வெள்ளி. மொத்தம் 65 வெள்ளி. கூடை வாங்கவில்லை. மூடி போட்ட பெரிய வாளி ஒன்று 14 வெள்ளிக்கு வாங்கினார்கள். அதுதான் கூடை. துணி காயப்போடக் கயிறும் கிளிப்பும் 7 வெள்ளி, பேட்டரியோடு கைவிளக்கு 11 வெள்ளி, வழுக்காத செருப்பு 8 வெள்ளி, நல்ல கைலி ஒன்று 16 வெள்ளி, பிளாஸ்டிக் கோப்பு 4 வெள்ளி. மீதி 5 வெள்ளிக்குக் கைப்பேசி டாப்-அப். காசில்லாமல் சேர்ந்தவையும் உண்டு. ஒரு வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள், இன்னொரு வீட்டு ரசப்பொடி, பழைய மைலோ டின்னில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. லயத்துக்காரர்களின் போன் எண்களைக் கொட்டை எழுத்தில் எழுதிய அட்டை ஒன்றையும் வைத்தார்கள்.

அந்தக் கோப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடையாள அட்டை நகல், சேமநிதிக் கணக்கு அறிக்கை, சொக்சோ எண், கிளினிக் அட்டை நகல், கடைசிச் சம்பளச் சீட்டுகள், சங்க உறுப்பினர் அட்டை எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் தமிழில் பெயர் எழுதி ஒட்டினோம். அப்போதுதான் தெரிந்தது, சேமநிதியில் வாரிசுப் பெயரே போடாமல் இருந்தார். வாரிசு நியமனம் இல்லாமல் ஒருவர் கண்ணை மூடிவிட்டால், அந்தப் பணத்தை எடுக்கக் குடும்பம் எத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பதை நான் நேரில் பார்த்தவன். அந்த வாரமே போய்ப் பதிந்துவிட்டு வந்தோம். பிறகு ஒருநாள் பட்டணத்தில் அந்த அம்மாவைப் பார்த்தபோது, வாளியில் வைத்ததில் எது உதவியது என்று கேட்டேன். "கயிறும் அந்த ஃபைலும்தான் தம்பி. கருவேப்பிலை செத்துப்போச்சு, அங்கன வெயில் இல்ல" என்றார்.

ஆக, யாருக்கு, எதற்கு என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். பிள்ளை பெற்ற வீடென்றால் தாய்க்குத்தான் கூடை. சுக்கு, மிளகு, ஓமம், பூண்டு, நல்லெண்ணெய், பனங்கற்கண்டு வைக்கலாம். அவர் பத்தியம் இருக்கிறாரா என்று மாமியாரையோ தாயாரையோ கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வேட்டியை வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, சதுரமாக வெட்டி ஓரம் அடித்துக் கொடுத்தால் குழந்தைத் துணிக்கு அதைவிட மெத்தென்ற துணி கிடையாது. தேன் போத்தல் வைக்காதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேன் தடவும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது ஆபத்து. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகிவிடும். பால்மாவு டின்னும் வேண்டாம். அது தாயும் கிளினிக் தாதியும் பேசி முடிவு செய்யும் விஷயம்.

விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் பிள்ளைக்கு வாளி, பூட்டு, துணி மாட்டி, பருப்புப்பொடி, ஊறுகாய், அடையாள அட்டை அளவுப் படங்கள் போதும். வேலையில் அடிபட்டுப் படுத்திருப்பவர் வீட்டுக்கு அரிசி, பருப்பு, கட்டுப்பாட்டு விலையில் கிடைக்கும் 2 வெள்ளி 50 காசு எண்ணெய்ப் பொட்டலம். அந்தப் பொட்டலம் லேசில் கிழியும். தனிப்பை போட்டு வைக்காவிட்டால் அரிசி முழுக்க எண்ணெயாகிவிடும். அவர் வீட்டுக்குப் போகும்போது சொக்சோ பாரமும் கூடவே போக வேண்டும்.

வாளி அழகாயில்லை, கூடைதான் வேண்டும் என்பவர்களுக்குச் செம்பனை இருக்கிறதே! குலை வெட்டும்போது விழும் மட்டையில் ஓலைக்கு ஓலை ஈர்க்கு உண்டு. விளக்குமாறு கட்டுவதோடு நிறுத்திவிடுகிறோம். பச்சை ஓலையாகப் பார்த்து எடுத்து, கத்தியால் இருபக்கமும் சீவி, நிழலில் வாடவைத்து, பின்னும் முன் தண்ணீரில் ஊறவைத்தால் ஒடியாமல் வளையும். மட்டையின் அடியில் முள் இருக்கும், கை பத்திரம். மண்டோரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். ஓலை திருடினான் என்று காரணம் கேட்கும் கடிதம் வந்து, அதற்கு நான் வந்து வாதாட வேண்டாம்.

கட்டும்போது கனமான பொருள் அடியில், போத்தல்கள் நடுவில். சவுக்காரத்தைச் சாப்பாட்டுப் பொருளோடு சேர்த்துக் கட்டினால் இரண்டே நாளில் பிஸ்கட் சவுக்கார வாசம் அடிக்கும். முறுக்கு முழுக்க ஆறிய பிறகுதான் டின்னில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் நமுத்துவிடும். பால், தேங்காய் சேர்ந்த பலகாரம் கூடைக்கு ஆகாது. வீட்டில் செய்த எதிலும் செய்த தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். கடையில் மலிவு விலைக்குக் குவித்திருப்பதை எடுக்கும் முன் 'தாரிக் லூப்புட்' என்று அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். கண்ணாடித்தாளுக்குப் பதில் கைலியிலோ துண்டிலோ சுற்றி முடிச்சுப் போட்டால், சுற்றிய துணியும் பரிசுதான்.

இன்றைக்குத் தோட்டத்தில் நம்மோடு நிற்பவர்கள் பலர் இந்தோனேசியர்கள், வங்காளதேசத்தவர்கள். நோன்புப் பெருநாளுக்குத் தாய்வீட்டு முகம் பார்க்காமல் இங்கேயே கிடக்கிறவர்கள். அவர்களுக்கும் ஒரு வாளி கட்டலாம். ஹலால் முத்திரை உள்ள, முத்திரை பிரியாத பொட்டலங்களாக வாங்குங்கள். நம் வீட்டுப் பலகாரத்தைக் கூடையில் வைக்காமல், விருப்பம் கேட்டுத் தனியே கொடுப்பது நல்லது.

ஒரே ஒரு கூடையை மட்டும் கட்டாதீர்கள். பண்டிகைக்குத் துரை வீட்டுக்கும் பெரிய கிராணி வீட்டுக்கும் தொழிலாளரிடம் காசு பிரித்துக் கூடை அனுப்பும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வேலை பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் உள்ளவருக்கு அன்பளிப்பு போனால், அனுப்பாதவன் எந்த நிரைக்கு அனுப்பப்படுவான் என்பது நமக்குத் தெரியாததா? "வாழ்த்து அட்டை போதும்" என்று கிளைக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள். மற்றக் கூடைகளுக்குப் பிரித்த காசில் எந்த வீடு எவ்வளவு கொடுத்தது என்பதை மட்டும் வெளியே எழுத வேண்டாம். மொத்த வரவையும் செலவையும் கடை ரசீதோடு கிளைப் பலகையில் ஒட்டுங்கள்.