டப்பாவாலாக்களின் பணிப்படம்

மும்பையில் வீட்டு உணவை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்ப்போர் டப்பாவாலாக்கள் எனப்படுவர். 1890ஆம் ஆண்டில் தொடங்கிய இத்தொழிலை ஒரு படத்தால் எளிதில் விளக்கலாம்.

தாளில் மூன்று நெடுவரிசைகள் அமைக்க வேண்டும். முதலாவதில் பணிகள்: வீட்டில் பெட்டியைப் பெறுதல், நிலையத்தில் பிரித்தல், தொடர்வண்டியில் ஏற்றுதல், இறங்கிய நிலையத்தில் மீண்டும் பிரித்தல், அலுவலகத்தில் சேர்த்தல். இரண்டாவதில் வளங்கள்: ஆள்கள், மிதிவண்டிகள், புறநகர்த் தொடர்வண்டி. மூன்றாவதில் தகவல்கள்: புறப்படும் பகுதி, இறங்கும் நிலையம், கட்டடம், மாடி. பின்னர், ஒவ்வொரு பணியையும் அதற்கு வேண்டிய வளத்தோடும் தகவலோடும் கோடிட்டு இணைக்க வேண்டும்.

படம் நிறைவுற்றதும் ஓர் உண்மை புலப்படும். இரு இடங்களில் நிகழும் பிரித்தலும் இறுதியில் சேர்த்தலும் தகவலையே நம்பியுள்ளன. அத்தகவல்கள் எழுத்தாகவும் எண்ணாகவும் வண்ணமாகவும் பெட்டியின் மூடியில் தீட்டப்பட்டுள்ளன. மிதிவண்டி பழுதானால் வேறொன்றை நாடலாம். குறியீடு அழிந்தாலோ, பெட்டி வழிதவறும். அதற்குரியவர் பசியோடு காத்திருப்பார். பிற்பகலில் வெற்றுப்பெட்டி வீடு திரும்பவும் அக்குறியீடே வழிகாட்டும். எதை முதலில் காக்க வேண்டும் என்பதைப் படம் இவ்வாறு உணர்த்துகிறது.

பயிற்சி: பள்ளி நூலகத்தின் பணி, வளம், தகவல் ஆகியவற்றை இணைத்துப் படம் வரைக.